கிபிரும் ஹெர்மிஸும்: ஆயுத வணிகத்தின் அறம் குறித்து

ஈழத்தமிழர் பேச்சில் 'கிபிர்' தனிச்சொல்லாகிவிட்டது. "கிபிர் அடிச்சது" என்றால் வானத்திலிருந்து குண்டு விழுந்தது என்று பொருள். ஹீப்ருவில் அதற்கு இளஞ்சிங்கம் என்று அர்த்தம். இஸ்ரேல் தயாரித்து, 1990களின் நடுவில் இலங்கை விமானப்படை வாங்கிய போர் விமானம் அது. 2006 ஆகஸ்ட் 14 அன்று செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டுவீச்சில் மாணவிகள் பலர் இறந்தார்கள். பயிற்சி முகாம் என்றது கொழும்பு. பள்ளி மாணவிகள் என்றது யூனிசெஃப்.

இந்த வணிகத்துக்கு வேர் உண்டு. 1984இல் கொழும்பின் அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே இஸ்ரேலின் நலன் பிரிவு திறக்கப்பட்டது. ட்வோரா படகுகளும் வந்தன. அதற்கு முன்பே, 1970களில், ஈரோஸ் இளைஞர்கள் லெபனானில் பாலஸ்தீனர்களிடம் பயிற்சி பெற்றிருந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் 'யூதர்களைப் போல நாமும் ஒரு நாடு' என்று மேடையில் முழங்குகிற தமிழ்த்தேசியர்கள் நம்மிடையே உண்டு. தன்னைக் கொன்ற ஆயுதத்தின் தொழிற்சாலையையே முன்மாதிரியாகக் கொள்ளும் இந்த மனநிலை தனியே ஆராயப்படவேண்டியது.

இந்திய அரசின் கதை வேறு தினுசு. 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்தது. 1988இல் பாலஸ்தீன அரசை. 1992 ஜனவரியில் இஸ்ரேலோடு முழு ராஜீய உறவு. 1999 கார்கில் போரின்போது அவசரத்துக்கு ஆயுதம் தந்தது இஸ்ரேல் என்பது இந்த உறவை நியாயப்படுத்த எப்போதும் சொல்லப்படும் வாதம். 2020-24 ஆண்டுகளில் இஸ்ரேலின் ஆயுத ஏற்றுமதியில் 34 சதவீதம் இந்தியாவுக்கே வந்ததாக சிப்ரி ஆய்வு நிறுவனம் கணக்கிடுகிறது.

வாங்குவதோடு இது நிற்கவில்லை. ஹைதராபாத்தில் 2018இல் அதானி-எல்பிட் கூட்டுத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே ஹெர்மிஸ் 900 ட்ரோன்கள் செய்யப்படுகின்றன. ஆயுதம் ஏற்றுமதியாக வேண்டுமானால் அரசின் அனுமதி வேண்டும். எனவே 'அது தனியார் வியாபாரம்' என்று அரசு கைகழுவ முடியாது. கையெழுத்து அரசினுடையது.

இந்த அனுமதிகளை ரத்து செய்யக் கோரிய பொதுநல மனுவை 2024 செப்டம்பர் 9 அன்று உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை நிர்வாகத்தின் எல்லை, ஒப்பந்தத்தை மீறினால் கம்பெனிகள் வழக்கைச் சந்திக்க நேரும் என்பன சொல்லப்பட்ட காரணங்களில் சில. ஆனால் அதே ஆண்டு ஜனவரி 26 அன்று சர்வதேச நீதிமன்றம் காஸாவில் இனப்படுகொலையைத் தடுக்கும் இடைக்கால உத்தரவுகளைப் பிறப்பித்திருந்தது. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை இந்தியா 1959இலேயே ஏற்றுக்கொண்டது. தண்டிப்பதோடு தடுப்பதும் அதன்படி அரசுகளின் கடமை. ஒப்பந்தச் சட்டத்தைப் பார்த்த நீதிமன்றம், உடன்படிக்கையின் இந்தப் பாதியைப் பார்க்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

"எங்கேயோ நடக்கிற சண்டை, நமக்கென்னய்யா?" என்பார்கள். 2008 செப்டம்பரில் வவுனியாத் தாக்குதலில் இந்திய ராடார் தொழில்நுட்பப் பணியாளர்கள் காயமுற்ற செய்தி வந்தபோது, தமிழ்நாடு கொதித்தது. "ராடார் தற்காப்புக் கருவிதானே" என்ற பதிலை நாம் ஏற்கவில்லை. கருவியைக் கொடுத்தவனுக்குக் கொலையில் பங்குண்டு என்று வாதிட்டோம். அந்த வாதம் வவுனியாவுக்குச் சரியென்றால் காஸாவுக்கும் சரி. அங்கே பேசி இங்கே மௌனமானால் அது அறமல்ல, வெறும் இனப்பாசம்.

கேள்வி இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. 2019இல் தமிழ்நாடு ராணுவத் தளவாட வழித்தடம் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி அதன் ஐந்து மையங்கள். நம்ம ஊர்ப் பாலிடெக்னிக் பிள்ளைகள் நாளை வேலைக்குப் போகப்போகும் இடங்கள் இவை. வேலையே வேண்டாமென்று கீழ்பென்னாத்தூரில் உட்கார்ந்துகொண்டு உபதேசிப்பது எளிது, அதில் நியாயமில்லை. கேட்கவேண்டியது வேறு. எந்த ஆயுதம், யாருக்கு, எந்த நிபந்தனையில் போகிறது என்ற பட்டியலை அரசு நாடாளுமன்றத்தில் வைக்கவேண்டும். இனப்படுகொலை விசாரணைக்கு உள்ளான அரசுக்கு உரிமம் தருவதை, விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கவேண்டும். செஞ்சோலைக்கு நீதி கேட்பவர்கள் இதைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.