புல் காத்த கோட்டை

வேல்ஸின் கிழக்கு எல்லையில், மான்ட்கோமரி ஊருக்கு அருகே, செவெர்ன் ஆற்றின் பழைய துறையைப் பார்த்தபடி ஹென் டொமென் என்ற மண்கோட்டை இருக்கிறது. 1086-க்கு முன்பே ரோஜர் என்ற நார்மன் பிரபு எழுப்பியது. உயர்ந்த மேடு, அதையொட்டி ஒரு முற்றம், சுற்றிலும் இரட்டை வரப்பும் அகழியும். வேலியும் வீடுகளும் மரத்தால் ஆனவை.

மரம் மக்கிவிட்டது. வெட்டிக் கொட்டிய மண்ணோ, ஓயாமல் மழை பெய்யும் நாட்டில் 900 ஆண்டுகளுக்கு மேலாகக் கரையாமல் நிற்கிறது. படைத்தவன் அதற்கு வைத்த காவல் புல். மழைத்துளியின் வேகத்தை அதன் இலை தாங்கிக்கொள்ள, நூலிழை வேர்கள் மண்ணைக் கோத்துப் பிடிக்கின்றன. ஆடு மேய்ந்தாலும் அது சாவதில்லை. பல செடிகளுக்கு நுனியில் இருக்கும் வளர்முனை, புல்லுக்குத் தரையை ஒட்டி அமைந்திருக்கிறது. கடிக்கக் கடிக்கப் பக்கவாட்டில் தூர்விட்டு அடர்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

1960 முதல் 1992 வரை, பிலிப் பார்க்கர் தொடங்கிய அகழாய்வுக் குழு அந்த முற்றத்தைச் சிறு கரண்டிகளால் பொறுமையாகச் சுரண்டிப் பார்த்தது. தூண் மக்கிய இடத்தில் மண்ணின் நிறமும் பதமும் மாறியிருந்தன. அந்தக் கறைகளைக் கொண்டே எந்தக் கட்டடம் எங்கே நின்றது, எத்தனை முறை மாற்றிக் கட்டினார்கள் என்று கண்டார்கள். கோட்டைக்கும் அடியில் இன்னொன்று இருந்தது: நார்மன்கள் வருவதற்கு முன் யாரோ உழுத வயலின் சால்கள், மேடும் பள்ளமுமாக, அப்படியே. போர்வீரர்கள் கொட்டிய மண்ணே அந்த உழவனின் வேலையைப் பொதிந்து காத்திருக்கிறது!

ஆனால் மண்ணை மெல்ல அசைப்பவையும் உண்டு. பக்கத்து ஷ்ராப்ஷயரில், ஷ்ரூஸ்பரியில் 1809-இல் பிறந்த சார்லஸ் டார்வின், 1881-இல் மண்புழுக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே மேலே வருகிறது என்று கணக்கிட்டார். சரிவில் அந்த எச்சம் மழையில் சிறிது சிறிதாக இறங்கும். ஆகவே எந்த மண்வரப்பும் மெல்லத் தணியத்தான் செய்யும். ஆனால் புழு துளைத்த நிலத்தில் மழைநீர் எளிதாக உள்ளே இறங்குகிறது, புல்லும் செழிக்கிறது.

இன்று ஹென் டொமென் சட்டப் பாதுகாப்பில் உள்ள சின்னம். அனுமதியின்றித் தோண்டக் கூடாது. முற்றத்தின் ஒரு பகுதியை ஆய்வாளர்களும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். நல்ல முடிவு. இன்னும் நுட்பமான கருவிகளோடு வருகிறவர்களுக்கு அங்கே படிக்க நிறைய இருக்கும்.