முகத்தில் பூசும் துரு

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் காத்திருக்கும் பெண்களிடம் நகை, ஹேர்பின், ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொன்ன பிறகு ஊழியர் இன்னொன்றும் சொல்வதுண்டு: "கண் மையையும் துடைச்சிட்டு வாங்கம்மா." சங்கிலியைக் கழற்றச் சொல்வது புரிகிறது. மை எதற்கு? பலரும் கேட்காமலே துடைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

காரணம், இரும்பு. கடையில் வாங்கும் கண் மை, மஸ்காரா, ஐலைனர் பலவற்றுக்குக் கறுப்பு நிறத்தைத் தருவது கறுப்பு இரும்பு ஆக்சைடு. காந்தக்கல்லில் இருப்பதும் இதே பொருள்தான். ஸ்கேன் எந்திரத்தின் காந்தப்புலத்தை அது கண்ணுக்கருகே குலைப்பதால் படத்தில் அந்த இடம் நெளிந்து, கலங்கித் தெரியும். சிலருக்கு இமையில் சூடு உறைக்கலாம். புருவத்திலும் இமையோரத்திலும் நிரந்தர ஒப்பனையாகப் பச்சை குத்திக்கொண்டவர்களுக்கு ஸ்கேனின்போது எரிச்சலோ வீக்கமோ வந்ததாகவும் பதிவுகள் உண்டு. அது அரிது, வந்தாலும் தானே அடங்கிவிடும். அதற்காக ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, முன்கூட்டியே சொன்னால் போதும். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் செயற்கை இமைமுடி மட்டும் எந்தச் சமாதானமும் இல்லாமல் வெளியிலேயே இருக்க வேண்டிய பொருள்.

ஸ்கேன் அறையை விட்டு வந்த பிறகும் மனதில் ஒரு கேள்வி நிற்கும். நாள்தோறும் கண்ணோரத்தில் இரும்பைத் தீட்டிக்கொள்வது உடம்புக்கு நல்லதா?

கண்ணில் மட்டுமல்ல. லிப்ஸ்டிக், ஃபவுண்டேஷன், காம்பேக்ட் பவுடர், ஐ ஷேடோ என்று எதைத் திருப்பிப் பார்த்தாலும் பொடி எழுத்தில் மூன்று எண்கள் அடிக்கடி தென்படும். சி.ஐ. 77491 என்றால் சிவப்பு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு. மூன்றுமே இரும்பும் ஆக்சிஜனும் கூடியவை. மஞ்சளில் மட்டும் கூடவே நீரும் பிணைந்திருக்கும். துருவின் சுத்தமான உறவுக்காரர்கள் என்று சொல்லலாம். மஞ்சளைச் சூடேற்றினால் நீர் வெளியேறிச் சிவப்பாகிவிடும். சூளைக்குள் வெளிறிய நிறத்தில் நுழையும் பச்சைக் கல் செங்கல்லாகச் சிவந்து வருவதும் இரும்பின் வேலையே. இந்த மூன்றோடு டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளையைச் சேர்த்தால் மனிதத் தோலில் எத்தனை நிறம் உண்டோ அத்தனையையும் கலந்து எடுத்துவிடலாம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் போகப்போக வெள்ளை குறையும், இரும்பு கூடும். மாநிற முகத்தில் சில ஃபவுண்டேஷன்கள் சாம்பல் பூத்ததுபோல் தெரிவது, வெள்ளை மிகுந்து இரும்பு குறைந்த கலவையை அந்த முகத்தில் பூசுவதால்தான்.

வேர்க்குருவுக்கும் அம்மைக் கொப்புள அரிப்புக்கும் குழந்தைகளுக்குத் தடவும் காலமைன் லோஷனின் இளஞ்சிவப்புகூட இரும்புதான். அதிலுள்ள ஸிங்க் ஆக்சைடு வெள்ளை நிறம். காலமைன் பொடியில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவுக்குக் கலந்த இரும்பு ஆக்சைடு அதை ரோஜா நிறமாக்கிவிடுகிறது.

மனிதன் காவிக்கல்லைக் கையாளத் தொடங்கியது நேற்றல்ல. தென்னாப்பிரிக்காவின் புளொம்போஸ் குகையில் சுமார் 1,00,000 ஆண்டுகளுக்கு முன் காவிக்கல்லை அரைத்துச் சிப்பி ஓடுகளில் குழைத்து வைத்திருந்த தடயங்களை ஆய்வாளர்கள் கண்டெடுத்து 2011-இல் வெளியிட்டார்கள். அதை மேனியில் பூசினார்களா, வேறெதற்கும் பயன்படுத்தினார்களா என்பது உறுதியில்லை. ஆனால் நமீபியாவின் ஹிம்பா பெண்கள் இன்றும் வெண்ணெய்க் கொழுப்பில் காவிப் பொடியைக் குழைத்து மேனியெங்கும் கூந்தலிலும் பூசிக்கொள்கிறார்கள். பாலைவன வெயிலில் அது அழகுக்கு அழகு, காப்புக்குக் காப்பு.

பழைமை மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. வேதியியல் என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். இரும்பு ஆக்சைடு தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் கரையாது. கரையாத துகள் தோலின் மேலடுக்கைத் தாண்டி இரத்தத்துக்குள் போவதில்லை. முகம் கழுவினால் போய்விடும். லிப்ஸ்டிக் மட்டும் கொஞ்சம் வயிற்றுக்குள் போகும். ஒருவர் நாளொன்றுக்குப் பூசும் லிப்ஸ்டிக் சராசரியாக 24 மில்லிகிராம் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதில் நூற்றுக்கு 5 பங்கு சிவப்பு ஆக்சைடு என்று வைத்துக்கொண்டு, முழுவதும் விழுங்கப்படுவதாகவே கணக்குப் போட்டாலும், உள்ளே போகும் இரும்பு ஒரு மில்லிகிராமைத் தொடாது. இரத்தசோகைக்கு அரசு தரும் மாத்திரை ஒன்றில் இருப்பது 60 மில்லிகிராம். மாத்திரையில் உள்ளது உடம்பு உறிஞ்சும் வடிவம். ஆக்சைடோ பெரும்பாலும் வந்த வழியே வெளியேறும். இதே நிறமிகள் இ172 என்ற எண்ணில் உணவிலும் மாத்திரைப் பூச்சிலும் சேர்க்கப்படுகின்றன. உணவுச் சேர்க்கைகளை ஆராயும் பன்னாட்டு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் வரை இவற்றை ஏற்கலாம் என்று வரையறுத்திருக்கிறது.

வீட்டில் இரும்பால் உண்மையான ஆபத்து வருவது அலமாரியிலிருந்து. ஒப்பனை மேசையிலிருந்து அல்ல. மிட்டாய் என்று நினைத்துச் சிறு குழந்தை இரும்புச்சத்து மாத்திரைகளைக் கைநிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஆகவே இரும்பைப் பற்றிய பயம் வீண். பயப்பட வேண்டியது அதனோடு ஒட்டிக்கொண்டு வருபவற்றைப் பற்றி. மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் காவிக்கல்லில் ஈயம், ஆர்சனிக், பாதரசம் போன்றவையும் கூடவே இருக்கலாம். எந்த மலையில் எவ்வளவு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் ஒப்பனைக்கான இரும்பு ஆக்சைடு செயற்கையாகத் தயாரிக்கப்பட வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. அதிலும் பத்து லட்சம் பங்கில் ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 3 என்ற அளவை மீறக் கூடாது. 'இயற்கையானது' என்ற சொல்லை நம்பிப் பொருள் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். இரும்பைப் பொறுத்தவரை, தொழிற்சாலைத் தொட்டியில் உருவான ஆக்சைடு மலையிலிருந்து நேரே வந்த கல்லைவிட நம்பகமானது.

ஈயப் பேச்சு வெறும் மிரட்டல் இல்லை. லிப்ஸ்டிக்கில் ஈயம் இருக்கிறது என்ற புகார்கள் கிளம்பியதும் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடைகளில் வாங்கிய 400 லிப்ஸ்டிக்குகளைச் சோதித்தது. சராசரி பத்து லட்சத்தில் 1.11 பங்கு, அதிகபட்சம் 7.19. கவலைப்படும் அளவு இல்லை என்றது அமைப்பு. குங்குமத்தின் கதை வேறு. அசல் குங்குமம் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொண்டு செய்வது. வடநாட்டுச் சிந்தூரத்தில் செவ்வீயம் என்ற ஈய ஆக்சைடைக் கலப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் நியூ ஜெர்சியில் வாங்கிய 95 மாதிரிகளில் 83 சதவீதத்திலும், இந்தியாவில் வாங்கிய 23 மாதிரிகளில் 78 சதவீதத்திலும் கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தது. சுர்மா எனப்படும் கண் மைப் பொடியில் சில வகை ஈயக் கனிமத்தையே அரைத்துச் செய்வது. கைக்குழந்தையின் கண்ணில் அதைத் தீட்டுவதைப்போல ஆபத்து வேறில்லை. குழந்தை கண்ணைக் கசக்கும், அதே விரலை வாயில் வைக்கும். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகள் நிறத்துக்காக ஈயச் சேர்மத்தையும் ஆர்சனிக் சேர்மத்தையும் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. ஆனால் தயாரித்தவர் பெயரோ உரிம எண்ணோ இல்லாமல் திருவிழாக் கடையில் விற்கும் டப்பாவைச் சட்டத்தால் எட்டிப்பிடிக்க முடிவதில்லை. வாங்குகிறவர்தான் அந்த எண்ணைத் தேட வேண்டும்.

இரும்பு நிறமிகளில் பெயரைக் கேட்டாலே பதறவைக்கும் ஒன்று உண்டு: ஃபெரிக் ஃபெரோசயனைடு, சி.ஐ. 77510. நீல ஐ ஷேடோவில் வரும். 'சயனைடு' என்ற சொல்லைப் பார்த்துப் பெட்டியை மூடிவிடுகிறவர்கள் பலர். இதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் விஷமாகப் பிரிவதில்லை. பிரஷ்ய நீலம் என்ற பெயரில் இதே பொருள் ஒரு மருந்தும்கூட. 1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில் கைவிடப்பட்ட கதிரியக்கச் சிகிச்சைக் கருவி ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. உடைத்துப் பார்த்தவர்களுக்கு இருட்டில் நீலமாக ஒளிரும் பொடி கிடைத்தது. சீசியம் என்று தெரியாமல் சிலர் அதை அழகுக்காக மேனியில் தேய்த்துக்கொண்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். உடம்புக்குள் போன சீசியத்தை வெளியேற்ற 46 பேருக்குப் பிரஷ்ய நீலம் கொடுக்கப்பட்டது. இருந்தும் அமெரிக்க விதி இதற்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. கண்ணைச் சுற்றியும் வெளித்தோலிலும் பூசலாம், உதட்டில் கூடாது.

முற்றிலும் தொல்லையே இல்லையா என்றால், சிறிய அளவில் உண்டு. இரும்பு ஆக்சைடுக்கே ஒவ்வாமை வருவது மிக அரிது. கவரிங் கம்மல் போட்டால் காதில் புண்ணாகிறவர்களுக்கு, ஐ ஷேடோ நிறமியோடு ஒட்டிவரும் நிக்கல் துளிகளால் இமை அரிக்கலாம். வெல்டிங் பட்டறைகளில் ஆண்டுக்கணக்காக இரும்பு ஆக்சைடு புகையைச் சுவாசிக்கிறவர்களின் நுரையீரலில் அது படியும். அதற்கு சிடரோசிஸ் என்று பெயர். முகத்தில் பவுடர் போடுகிறவருக்கு அந்த அளவெல்லாம் போகாது. என்றாலும் மூச்சை உள்ளிழுத்தபடி பொடியைத் தட்டாமல் இருப்பது நல்லது. கரையும் வடிவிலுள்ள இரும்பு வேறு ஒரு தொந்தரவு தரும். கிரீமில் துளி கலந்தாலும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அதை முடக்கி வைக்கத்தான் இ.டி.டி.ஏ. என்ற பொருளைச் சேர்க்கிறார்கள்.

இரும்பின் நல்ல பக்கம் இன்னும் பலருக்குத் தெரியாது. சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுக்காது. அந்த வெளிச்சமே மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும் என்று 2010-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. வெளுத்த தோலில் அந்த விளைவு காணப்படவில்லை. கன்னத்திலும் நெற்றியிலும் மங்கு விழுந்த பெண்கள் சன்ஸ்கிரீன் பூசியும் பலன் தெரியவில்லை என்று சலித்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். 2014-இல் வெளியான மெக்சிகோ ஆய்வில் மங்கு உள்ளவர்களுக்கு ஒரே களிம்பைக் கொடுத்து, ஒரு பிரிவுக்குச் சாதாரண சன்ஸ்கிரீனும் மறு பிரிவுக்கு இரும்பு ஆக்சைடு கலந்ததும் தந்தார்கள். 8 வாரத்தில் இரும்பு சேர்ந்த பிரிவில் மங்கு கூடுதலாகக் குறைந்தது. 'டின்டட்' என்று எழுதி, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் அது. மங்கு உள்ளவர்கள் வெள்ளை சன்ஸ்கிரீனை விட்டு இதைக் கேட்டு வாங்கலாம்.

தலைமுடி விஷயத்தில் தமிழ் வீடுகள் நெடுங்காலமாக இரும்பை நம்பி வந்திருக்கின்றன. நெல்லிக்காய்ப் பொடியையும் மருதாணியையும் இரும்புச் சட்டியில் இரவெல்லாம் ஊறவைத்தால் காலையில் கறுத்திருக்கும். நெல்லிக்காயின் துவர்ப்பும் சட்டியின் இரும்பும் கூடிய கறுப்பு அது. கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து எழுதுமை காய்ச்சியதும் இந்த வழியில்தான். வீட்டில் ஊறவைத்த கலவையால் தோலுக்குத் தீங்கில்லை. கடையில் விற்கும் 'கறுப்பு மருதாணி' பாக்கெட்டுகள் சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அப்படிப்பட்ட முடியில் பெராக்சைடு சேர்ந்த சாயமோ ப்ளீச்சோ பட்டால் சூடேறி முடி பொசுங்கிவிடலாம். பார்லரில் தலையைக் கொடுக்கும் முன் என்ன பூசியிருந்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சீப்பில் வந்த நாலு முடியில் முதலில் தடவி, சூடு ஏறுகிறதா, நுரைக்கிறதா என்று பார்த்த பிறகே தலையில் கைவைக்கச் சொல்ல வேண்டும்.