மரவள்ளிக்குச் சாம்பல் சத்து: சுடரொளி சொல்லும் கணக்கு

சேலம், நாமக்கல் பகுதி இறவை மரவள்ளிக்கு எக்டருக்கு 240 கிலோ சாம்பல் சத்து இடுவது பொதுப் பரிந்துரை. குறைந்தால் கிழங்கு சிறுக்கும். மிகுந்தால் பணம் வீண். மண்ணில் ஏற்கெனவே உள்ள அளவை அறிவது எப்படி?

மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணை அம்மோனியம் அசிடேட் கரைசலில் குலுக்கி, வடித்த சாற்றைச் சுடரில் தெளிப்பார்கள். சூடேறிய பொட்டாசியம் 766.5 நானோமீட்டரில் செவ்வொளி வீசும். சோடியம் 589-இல் மஞ்சளொளி தரும். ஒளி வடிப்பான் பொட்டாசிய ஒளியை மட்டும் விடும். அதன் செறிவை, அளவு தெரிந்த கரைசல்களின் ஒளியோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள். எக்டருக்கு 118 கிலோவுக்குக் கீழ் என்றால் குறைவு. 280 கிலோவுக்கு மேல் அதிகம்.

எருக்குழி, வரப்பு, மரநிழல், அண்மையில் உரமிட்ட இடம் ஆகியவற்றில் மண் எடுக்கலாகாது. மாதிரி தவறினால் கருவியும் தவறான கணக்கையே சொல்லும்.