தொட்டில் ஸ்பிரிங்கை உத்திரத்தில் மாட்டுவது எப்படி?

குழந்தை சிணுங்கினால், தொட்டிலைக் கீழே லேசாக இழுத்து விட்டால் போதும். ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடும். அழுகை நின்றுவிடும்!

அந்த ஸ்பிரிங் மரத்தை விட்டுக் கழன்றுவிட்டால்?

மதுரை ஆரப்பாளையத்தை, தேனி, திண்டுக்கல் பஸ்கள் புறப்படும் இடம் என்று பலரும் அறிவார்கள். இதுபோன்ற பழைய பகுதிகளில், மர உத்திரம் போட்ட வீடுகள் இன்னும் உண்டு. அந்த உத்திரத்தில்தான் சேலைத் தொட்டில் தொங்கும்.

கயிறு மட்டும் கட்டியபோது, அது உத்திரத்தைச் சுற்றி வந்தது. பாரத்தை மரமே தாங்கியது. ஸ்பிரிங் வந்த பிறகு, சிலர் உத்திரத்தின் அடியில் ஒரு கொக்கியைத் திருகி, அதில் ஸ்பிரிங்கை மாட்டிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

நேர் இழுப்பும் குறுக்கு இழுப்பும்

ஒரு பலகையில் ஆணி அடித்துப் பாருங்கள். அடித்த வழியிலேயே நேராக இழுத்தால், குறடுக்கு வந்துவிடும். பக்கவாட்டில் இழுத்தால் லேசில் வராது.

காரணம் என்ன? நேராக இழுக்கும்போது, ஆணியைச் சுற்றியுள்ள மரத்தின் பிடிப்பு மட்டுமே தடுக்கிறது. குறுக்கே இழுக்கும்போது, மரமே எதிர்த்து நிற்கிறது.

திருகாணிக்குப் பிடிப்பு அதிகம். ஆனாலும், அடியிலிருந்து திருகிய கொக்கி நேர் இழுப்பில்தான் தொங்குகிறது. மழைக்காலத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். தொட்டிலோ ஓயாமல் ஆடும். பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். வெளியே பார்த்தால் தெரியாது!

எட்டு பதினாறு ஆகும்

ஸ்பிரிங் எவ்வளவு நீளுகிறதோ, அந்த அளவுக்கு அதன் இழுப்பும் கூடும். 1678-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி இது.

தொட்டிலும் குழந்தையும் சேர்ந்து 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மெல்ல இறக்கினால் 8 கிலோ பாரம்தான். ஸ்பிரிங் நீளாதபடி தொட்டிலைத் தூக்கிப் பிடித்து, சட்டென்று கையை விட்டால்? ஒரு கணம், 16 கிலோ தொங்குவதுபோல் கொக்கியை இழுக்கும்!

இரண்டு வழிகள்

உத்திரத்துக்கு மேலே கயிறு நுழைய இடம் இருந்தால், பழைய முறையே நல்லது. உறுதியான கயிற்றை உத்திரத்தில் இரண்டு, மூன்று சுற்றுச் சுற்றி, அதில் ஓர் இரும்பு வளையத்தைக் கோத்துக் கட்டவேண்டும். ஸ்பிரிங்கை வளையத்தில் மாட்டவேண்டும். அப்போது கொக்கி கயிற்றை அறுக்காது.

இடம் இல்லை என்றால், "ப" எழுத்துப்போல் வளைத்த கனமான இரும்புப் பட்டை வேண்டும். அதன் அடியில் ஒரு வளையம் பற்றவைத்திருக்கவேண்டும். பட்டையை உத்திரத்தின் அடியிலிருந்து அணைத்து வைத்து, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை குறுக்கே போல்ட் செலுத்துங்கள். வாஷர் போட்டு, இரண்டு நட்டுகளை முடுக்குங்கள். இப்போது போல்ட்டின் மீது விழுவது குறுக்கு இழுப்பு!

துளையை உத்திரத்தின் நடு உயரத்தில் போடவேண்டும். பாரத்தால் உத்திரம் வளையும்போது, அடிப்பாகம்தான் அதிகமாக இழுபடுகிறது. அங்கே துளைத்தால் மரத்தின் பலம் குறையும்.

காப்புக் கயிறு

ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் முறிந்துவிடும் அல்லவா? ஆடி ஆடி ஸ்பிரிங்கும் ஒருநாள் முறியலாம். கொக்கி வளைவைத்தான் முக்கியமாகக் கவனிக்கவேண்டும்.

ஆகவே, உத்திரத்திலிருந்து தொட்டில்வரை தனியாக ஒரு காப்புக் கயிறும் கட்டுங்கள். ஸ்பிரிங் நீளும் அளவுக்கு அது தளர்வாக இருக்கட்டும். ஸ்பிரிங் முறிந்தாலும் கயிறு தாங்கிக்கொள்ளும்.

தொட்டிலைத் தரைக்கு அருகில் தாழ்வாகக் கட்டுவதே நல்லது. பெரிய பிள்ளைகளை அதில் ஆட விடாதீர்கள்.

குழந்தையைப் போடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, 25 கிலோ அரிசி மூட்டையை வளையத்தில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் போல்ட் அசைந்திருக்கிறதா, மரம் கீறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு மாதம் ஒரு முறை நட்டு, துரு, கரையான் மூன்றையும் கவனியுங்கள். ஸ்பிரிங்கில் துரு ஏறியிருந்தாலும், கொக்கி வாய் விரிந்திருந்தாலும், யோசிக்கவே வேண்டாம். அன்றே மாற்றிவிடுங்கள்!