புள்ளி (நகரத்தார்)

புள்ளி என்பது நாட்டுக்கோட்டை நகரத்தார் சமூகத்தில் மணமான ஓர் ஆணின் குடும்பத்தைக் குறிக்கும் கணக்கு ஆகும். மியான்மர், மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளுக்குச் சென்ற நகரத்தாரின் வழித்தோன்றல்கள், சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடி போன்ற ஊர்களில் தம் முன்னோரைத் தேடுகையில் இக்கணக்கு முதன்மைச் சான்றாகிறது. ஜெர்மனியில் முன்னோரைத் தேடுவோர் தேவாலயத் திருமுழுக்கு ஏடுகளை நாடுவதோடு இதனை ஒப்பிடலாம்.

புள்ளி 9 நகரக் கோயில்களுள் குடும்பத்திற்கு உரிய கோயிலில் பதியப்படும். எனவே ஊர்ப்பெயர் மட்டும் அறிந்தால் போதாது. ஆத்தங்குடியில் வாழ்ந்தவர் எந்தக் கோயிலையும் சேர்ந்தவராக இருக்கலாம். 7 உட்பிரிவுகள் கொண்ட இளையாத்தங்குடிக் கோயில் வேறு ஊரில் உள்ளது. பெயரொற்றுமை கண்டு மயங்கலாகாது.

கோயிலை அறியாதோர்க்கு, திருமணத்தின்போது எழுதப்படும் இசைகுடிமானம் உதவும். விலாசம் எனப்படும் முன்னெழுத்துகளும் தந்தை, பாட்டன் பெயர்களைச் சுட்டும். ஆயினும் தலைமகனுக்குப் பாட்டன் பெயரையே இடுவது வழக்கமாதலால், ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வந்து தேடுவோரைத் திணறச் செய்யும். பிள்ளையில்லாதோர் தம் கோயிற் பங்காளிகளிடமிருந்து பிள்ளை கூட்டிக்கொள்வதுண்டு. அவ்வாறு வந்தவரின் கணக்கு வளர்த்த தந்தையின் வழியிலேயே தொடரும்.

அயல்நாட்டில் நகரத்தார் அல்லாத பெண்டிர்க்குப் பிறந்த பிள்ளைகளை மரபு புள்ளியில் சேர்ப்பதில்லை. இவர்களுக்குத் தந்தையின் விலாசமும் பிறந்த நாட்டின் பதிவுகளுமே எஞ்சும்.