மூளைக் குழாய்ப் பின்னலை மருந்து அடக்குமா?

இயல்பான மூளையில் தமனி வழியே உயர் அழுத்தத்தில் வரும் இரத்தம், நுண்குழாய்களின் வலையில் வேகம் தணிந்த பின்னரே சிரையை அடைகிறது. இவ்வலை உருவாகாமல் தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொள்ளும் குறைபாட்டில், மெல்லிய சுவருடைய சிரை அவ்வழுத்தத்தைத் தாங்காமல் வெடித்து, மூளைக்குள் இரத்தக் கசிவு ஏற்படக்கூடும்.

இப்பின்னல் ஏன் உருவாகிறது? 2018இல் வெளியான ஓர் ஆய்வு, ஆராயப்பட்ட நோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோரின் பின்னல்களில், குழாயின் உட்சுவரைப் போர்த்தும் எண்டோதீலியச் செல்களில் கேராஸ் என்னும் மரபணு பிறழ்ந்திருப்பதைக் காட்டியது. அம்மரபணு தரும் புரதம், அணைக்க முடியாத சுவிட்சைப் போல, மெக் என்னும் நொதியின் வழியே வளர்ச்சிக் கட்டளைகளை ஓயாது அனுப்புகிறது. ஆகவே, அந்நொதியைத் தடுப்பதும் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்குப் பயன்படுவதுமான டிரமெட்டினிப் மருந்து இங்கும் உதவுமா என ஆராயப்படுகிறது. எனினும் அறுவை, கதிர்வீச்சு, குழாயடைப்பு ஆகியவையே இன்றும் முதன்மைச் சிகிச்சைகளாக உள்ளன.