உங்களுக்குத் தெரியுமா? பஞ்சுக்குச் சுங்கம், கண்மாய்க்குக் குத்தகை

மம்சாபுரத்துக்குப் பக்கத்து ராஜபாளையத்தில் 1936-லேயே நூற்பாலை வந்துவிட்டது. அந்த வட்டார ஆலைகளின் கணக்கை டில்லியிலிருந்து வரும் ஒரு சுங்க அறிவிக்கை புரட்டிப் போட்டுவிடும். 2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 சதவீத இறக்குமதி வரி விழுந்தது: அடிப்படைச் சுங்கவரி 5, வேளாண் கட்டமைப்புக்கான வரி 5, இரண்டின் மேலும் சமூகநலக் கூடுதல் வரியாக 1. 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை அதற்கு விலக்கு தந்தார்கள். ஆலைக்காரர்களுக்கு நிம்மதி, பருத்தி விவசாயிகளுக்கு வயிற்றெரிச்சல், அதுவும் நியாயம்தான்.

பஞ்சின் விதி டில்லியில் என்றால், மீன் கதை வேறு. கரையையொட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கத் தடைபோடும் தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் கடலோடு நின்றுவிடும். கண்மாய் மீனுக்கு மீன்பாசிக் குத்தகைதான். ஏலம் எடுத்தவர் வலை வீசுவார்.